என் பெயரில் உன் ரத்தம்

நைனா,

இன்று காலை கடையின் ஐந்தாம் மாடிக்கு ஏறி மெஸ் கதவைத் தள்ளினேன். சாம்பார் கொதிக்கும் வாசனையோடு ஸ்பிரிட் வாசனையும் கலந்து வந்தது. சாப்பாட்டு மேஜைகளை ஓரங்கட்டி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஊசியும் பஞ்சும் ரத்தக் குழாய்களுமாக மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதற்கு மேல் கால் எழவில்லை. பின்னால் வந்த சுடிதார் செக்ஷன்காரர், "இன்னாண்ணே, இந்த வயசுல ஊசிக்குப் பயமா?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஊசிக்கு யார் பயந்தார்கள்?

மறுபடியும் அதே முகாம். ஐம்பதைத் தாண்டிய, புகை பிடிக்கிற ஊழியர்களுக்கு நுரையீரலில் புற்றுநோய் தொடங்கியிருக்கிறதா என்று ரத்தத்தில் தேடிப் பார்க்கிற சோதனை. இந்த முறை கெடுபிடி அதிகம். அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்தாள் அந்தப் பெண். பிறந்த தேதியை இரண்டு தடவை கேட்டாள். என் கண் முன்னாலேயே குழாயில் பெயரை ஒட்டினாள். "உங்க பேரை நீங்களே ஒரு தடவ சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன். பாதிப் பெயரில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதா சார்?" என்று பதறினாள். அவள் இன்னும் ஊசியையே கையில் எடுக்கவில்லை.

யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம்தானே சொல்வேன்? நீ போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நீ திசையன்விளைப் பக்கத்துக்காரன், நான் மயிலாப்பூர் கால்வாய்க்கரை. கடையில் எல்லோருக்கும் நீ அண்ணாச்சி, எனக்கு மட்டும் நைனா. நான் உனக்குப் பட்டணம். பட்டுப்புடவைப் பிரிவில் அடுத்தடுத்த கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நின்றோம். உட்கார்ந்தோம் என்று எழுத முடியாது, அதற்கு மேனேஜர் விட்டதில்லை. நின்ற கால்களுக்கு இளைப்பாறல் பின்சந்தில் உன் பீடியும் என் சிகரெட்டும்தான். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் சந்து முனையில் அலைமோதிக்கொண்டு போகும். நாம் சுவரில் சாய்ந்துகொண்டு புகை விடுவோம்.

நம் கடையில் சாப்பாடு இரண்டு பந்தி. காலையில் வந்ததும் பெயர் போட்ட டோக்கன் தருவார்கள். முதல் பந்திக்குப் போனால் சூடான சோறும் அப்பளமும் உண்டு, இரண்டாம் பந்திக்கு ரசத்தின் அடிமண்டிதான். ஆனால் முதல் பந்தி மணி அடிக்கும்போது எவன் முன்னால் ஐம்பது புடவை பிரிந்து கிடக்கிறதோ அவன் நகர முடியாது. அதனால் யாருக்குக் கை ஒழிந்ததோ அவன், யார் பெயரில் இருந்தாலும், முதல் பந்தி டோக்கனை எடுத்துக்கொண்டு ஓடுவான். மெஸ் வாசலில் பெயரைக் கேட்டால் டோக்கனில் உள்ள பெயரைச் சொல்வான். இருபத்தாறு வருஷத்தில் உன் பெயரில் நான் எத்தனை வேளை தின்றேன், என் பெயரில் நீ எத்தனை வேளை தின்றாய் என்பது அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

முதல் முகாமையும் அதே மெஸ்ஸில்தான் வைத்தார்கள். அதே மாதிரி டோக்கனும் கொடுத்தார்கள். எனக்குப் பதினாலு, உனக்கு முப்பத்தொன்று.

அன்று காலை ஒரு டாக்டரம்மா வந்து விளக்கிச் சொன்னதை நீயும் கேட்டாய். "நீங்க புடவையை உதறினா நூல் துணுக்கு கீழ விழும்ல? கெட்டுப்போன செல்லும் அப்படித்தான் துணுக்குகளை ரத்தத்துல உதிர்க்கும். அதைத்தான் தேடுறோம். இதுவே முடிவு கிடையாது. யாருக்கு முதல்ல ஸ்கேன் எடுக்கணும்னு இது கை காட்டும், அவ்வளவுதான்" என்றார். ஜவுளிக் கடைக்காரர்களுக்கு வேறு எப்படிச் சொன்னாலும் அவ்வளவு சுலபமாகப் புரிந்திருக்காது.

பதினாலு என்று கூப்பிட்டபோது என் முன்னால் மயிலாப்பூர் மாமி ஒருவர் ஆவணிக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டே ரெண்டு காமிங்கோ, ஆத்துல எல்லாருக்கும் பிடிக்கணுமோன்னோ" என்று அறுபதாவது புடவையில் இருந்தார். நீ எட்டி என் சட்டைப்பையிலிருந்து டோக்கனை உருவினாய். கால் மணி நேரத்தில் முழங்கையில் பஞ்சோடு திரும்பி வந்தாய்.

"ஒன் பேருக்கு நான் குத்திட்டு வந்துட்டேம்ல. எனக்குள்ளதுக்கு நீ போயிரு."

"யோவ், இது இன்னா சோறா?"

"ரத்தந்தான. ரிப்போர்ட்டு வந்ததும் காயிதத்த மாத்திக்கிட்டாப் போச்சு."

நானும் சிரித்தேன். முப்பத்தொன்று என்று கூப்பிட்டதும் மேலே போய் உன் பெயரைச் சொன்னேன். நம் இருவருக்கும் பிறந்த வருஷம் ஒன்றுதான். அந்தப் பெண் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. சாயங்காலம் பின்சந்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் ரிப்போர்ட் வந்தது. கவரைக் கையில் கொடுத்திருந்தால் சந்துக்குப் போய் மாற்றிக்கொண்டிருப்போம். மேனேஜர் கொடுக்கவில்லை. கடை திறக்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் பெயரைச் சொன்னார். "மத்தவங்களுக்கெல்லாம் பிரச்சனை இல்லை. இவருக்கு மட்டும் சந்தேகமா வந்திருக்கு. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்கு நேரம் குறிச்சாச்சு. பதினோரு நாள் கழிச்சு. கடை சார்பா எல்லா உதவியும் உண்டு."

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

பொய் சொல்ல மாட்டேன் நைனா. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. 'அப்பாடா, என்னுடையது இல்லை.' ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அது யாருடையது என்பது நெஞ்சில் வந்து மோதியது. வாயைத் திறந்தேன். அதற்குள் நீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒண்ணும் இருக்காதுல பட்டணம். பயப்படாத" என்றாய். உன் கை ஈரமாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, 'பயப்பட வேண்டியவன் நீ' என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டேன். சாயங்காலம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

அடுத்த நாள் உன் பாக்கெட்டில் பீடிக்கட்டு இல்லை. சந்துக்கு வந்தாய், சுவரில் சாய்ந்தாய், வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "கூட்டாளிக்கு இப்படி ஆயிடுச்சுன்னு அண்ணாச்சி பீடியையே விட்டுட்டாரு, பாருங்கடா" என்று கடையே உருகியது. நானும் அதை நம்பப் பார்த்தேன். நீ டோக்கனை மறந்துவிட்டாய், எனக்காகத்தான் விட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ மறந்திருந்தால் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான் என்பது மட்டும் ஏனோ என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டில் என் மனைவி அழுதே தீர்த்தாள். முண்டகக்கண்ணியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். நடுவில் எழுந்து என் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. சொன்னால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கே.கே. நகரில் உன் வீட்டுக்காரம்மா முன்னால் போய் நிற்பாள். அதனால் வராத நோய்க்கு அவள் அழுததைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

நான் பேசாமல் இருந்த அந்த நாட்களில் நீ ஓயாமல் பேசினாய். இடுப்புவரை புடவை குவிந்திருக்கும்போதும் குனிந்து என் காதில் எதையாவது சொல்வாய். "ஆரம்பத்துல கண்டுபுடிச்சா வெட்டி எடுத்துருவாவளாம்ல." "ஒரு நுரையீரல வச்சிக்கிட்டே ஆளுவ மலையேறுதாவளாம்." "மவளுக்கு மாப்பிள பாக்கிற நேரத்துல ஆண்டவன் அப்படிலாம் செய்ய மாட்டான்." எனக்கு மகள் கிடையாது. இருப்பது இரண்டும் பையன்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நீ சட்டென்று நிறுத்தினாய். நான் அது காதில் விழாத மாதிரி வாடிக்கையாளரிடம் திரும்பி, "இது பாருங்கம்மா, அரக்குல பச்சை பார்டர்" என்றேன்.

ஆடித் தள்ளுபடியில் ஒருநாளும் லீவு போடாத நீ என்னோடு அடையாறுக்கு வந்தாய். ஸ்கேன் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. முடிவுக்குத்தான் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஏசிக்காற்று எலும்பு வரை போயிற்று. நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? என் நெஞ்சில் ஒரு சின்னப் புள்ளியாவது இருக்கட்டும் என்று. அப்படி இருந்தால் ரத்தம் யாருடையது என்ற பேச்சே எழாது. அடுத்த நிமிஷமே பையன்கள் முகம் நினைவுக்கு வந்து வேண்டுதலை மாற்றினேன். இப்படியே மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டிருந்தால் எந்தச் சாமிதான் என்ன செய்யும்? பக்கத்தில் நீ வெறும் விரலால் பீடி சுருட்டிக்கொண்டிருந்தாய்.

அதே டாக்டரம்மாதான் கூப்பிட்டார். திரையில் என் நெஞ்சுக்கூடு தெரிந்தது.

"சுத்தமா இருக்கு சார். ஒண்ணுமே இல்லை. ரத்தப் பரிசோதனை சில சமயம் இப்படி வீணா பயமுறுத்தும். நான் அன்னைக்கே சொன்னேனே, அது கை காட்டுறதுதான்னு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

நாம் இருவரும் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "நல்ல செய்தி சொல்லியிருக்கேன். ஏன் ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த அறை, அந்த நாற்காலி, அந்த ஒரு நிமிஷம் எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் ஃபைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.

நீதான் பேசினாய்.

"டாக்டரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. இவன் பேர்ல இருக்கிற ரத்தம் இவனுக்குள்ளது இல்ல. எனக்குள்ளது."

டோக்கன் கதையை நீயே முழுக்கச் சொன்னாய். வாடிக்கையாளரிடம் சாயம் போகாது என்று சொல்வாயே, அதே நிதானமான குரலில் சொன்னாய். டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "சாப்பாட்டு டோக்கன்னு நினைச்சீங்களா? தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு பேரும் பதினோரு நாள் வாயை மூடிட்டு இருந்தீங்களா? படிச்சவங்க, படிக்காதவங்கன்னு இல்லை, மனுஷங்க இப்படிச் செய்வாங்களா?" என்று கத்தினார். பிறகு ஃபோனை எடுத்து, உன்னை அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

உன்னை உள்ளே கூப்பிடும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும் நைனா?"

"மேனேஜர் ஒன் பேரச் சொன்ன ஒடனேயே."

"அப்புறம் ஏன்யா வாயத் தொறக்கல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேம்ல."

நீ விடவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது. "நானா நெனச்சா பயமா இருந்துச்சு. நீ வந்து, ஏல, அது ஒன் ரத்தம்லா, வா போவோம்னு சொல்லியிருந்தா எந்திச்சு வந்திருப்பேன். தெனமும் பாத்தேன். நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன். அப்புறம் மவள்னு ஒளறுனேம்லா, அப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன். மறக்கலன்னு தெரிஞ்சுபோச்சு."

"நானும் உன்னியப் பாத்துக்கினேதான் இருந்தேன். நீ மறந்துட்டன்னு நெனச்சுக்கினு…"

"சரி விடு. ஒனக்குச் சுத்தம்னு அந்தம்மா சொன்னப்ப எனக்குத்தான்னு ஆயிப்போச்சு. ஆனாலும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதயும் சொல்லிப்புடுதேன்."

உன் வலது நுரையீரலின் மேல்பக்கம் பட்டாணி அளவு இருந்தது. ஊசி விட்டு எடுத்துப் பார்த்து, அதுதான் என்று உறுதி செய்தார்கள். பரவவில்லை, அறுவை செய்துவிடலாம் என்றார்கள். இருமலில்லை, சளியில்லை, மூச்சு வாங்கவில்லை. நீயாகத் தெரிந்துகொள்ள இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கும், அப்போது கையை விரித்திருப்போம் என்றார் டாக்டரம்மா. 'பதினோரு நாள் தாமதத்தால் ஏதாவது ஆகியிருக்குமா' என்று அவரை மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஆகாது என்றார். மூன்றாவது தடவை கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்.

உனக்கு அறுவை நடந்த நாளில்தான் என் மனைவி கோயிலில் பொங்கல் வைத்தாள். 'என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை' என்று தெருவில் எல்லோருக்கும் தொன்னையில் போட்டுக் கொடுத்தாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. உனக்காக மனசு கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதி உண்மைதான்.

நம் கடைக்காரர்கள் வருஷத்தைத் தீபாவளியை வைத்துத்தான் எண்ணுவார்கள். அதற்குப் பிறகு உனக்கு மூன்று தீபாவளி கிடைத்தது. மேனேஜர் உனக்கு மட்டும் ஸ்டூல் போட்டுத் தந்தார். "இதுக்கு நெஞ்சத் தொறக்க வேண்டியிருக்கு பாத்தியா" என்று அதில் ராஜா மாதிரி உட்கார்ந்தாய். உன் மகள் கல்யாணத்துக்கு நம் கவுண்டரிலேயே புடவை எடுத்தீர்கள். வாடிக்கையாளர் பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு காட்டும் ஓய்" என்று அறுபது புடவை பிரிக்க வைத்து என் முதுகை ஒடித்தாய். டோக்கனை மட்டும் அதற்குப் பிறகு நாம் மாற்றிக்கொள்ளவே இல்லை. அவனவன் டோக்கனில் அவனவன் சாப்பிட்டோம். எத்தனையோ நாள் அடிமண்டி ரசம் குடித்தோம்.

நான்காவது தீபாவளிக்கு முன்னால் அது திரும்பி வந்தது. இந்த முறை சிறியதாக இல்லை, ஓரிடத்திலும் இல்லை. ஐப்பசி முடிவதற்குள் போய்விட்டாய்.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்குத் தெரிந்தது. இனி எழுதப்போவது தெரியாது.

உன் பதினாறாம் நாளுக்குக் கே.கே. நகர் வீட்டுக்கு வந்தேன். பந்தி முடிகிற நேரம். உன் வீட்டுக்காரம்மா கையில் பாயசத் தூக்கோடு வந்து என் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு ஒங்க ரிப்போர்ட்டு அப்படி வந்ததாலதான அவியளும் பயந்துபோயி ஸ்கேன் எடுத்தாவ. பட்டணம்தான் என்னய இழுத்துட்டுப் போனான், அவன் இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்னு சாவுறதுக்கு மொத நாளு வரைக்கும் சொன்னாவண்ணே. எம்மவ கழுத்துல தாலி ஏறினத அவிய பாத்தது ஒங்களாலதான்."

கையெடுத்துக் கும்பிட்டார். உன் மகளும் பின்னால் நின்று கும்பிட்டாள்.

அப்படியா சொல்லி வைத்திருந்தாய்? நான் இழுத்துக்கொண்டு போனேன் என்றா? என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தைக்காகப் பதினோரு நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தவன் நீ. கடைசிவரை அது வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்லி, உன் வீட்டாரிடம் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். ஏன்யா இப்படிச் செய்தாய்? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

'இல்லம்மா, நான் ஒண்ணும் செய்யல' என்று சொல்ல ஒரு நொடி போதும். பாயசம் ஊற்றினார். குடித்தேன். "அவன் நல்லவன்மா" என்று மட்டும் சொன்னேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா முன்னால் நாக்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ அப்படியே அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை போய் உன் வீட்டுக்காரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவு செய்கிறேன். இன்றும் சனிக்கிழமைதான். அந்தப் பதினோரு நாள் எனக்கு இன்னும் முடியவில்லை, நைனா.